தேர்ச்சி விகிதம் 2.8

நாள் 188. காலை 07:40
மருத்துவப் பிரிவு, ‘வைப்பாறு’ விண்கலம்

எல்லாம் வழக்கம்போல். நால்வரின் ரத்த அழுத்தமும் சரி. வளையப்பகுதி சீராகச் சுழல்கிறது. அந்தச் சுழற்சி தரும் எடையில் கால் தரையில் பாவுகிறது. சனியின் நிலவான டைட்டனிலுள்ள நிலையத்தை அடைய இன்னும் 112 நாள்.

இந்தக் குறிப்பு யார் கையில் கிடைத்தாலும் அவருக்குப் புரியவேண்டும் என்பது விதி. ஆகவே அறிமுகம். நான் ஹெப்சிபா தங்கதுரை, மருத்துவர். மற்ற மூவர்: ஓட்டுநர் பொன்னுரங்கம், பொறியாளர் மெஹருன்னிசா, நிர்வாக அதிகாரி குற்றாலலிங்கம். முதல் இருவர் இல்லாவிட்டால் கலம் நகராது. மூன்றாமவர் இல்லாவிட்டால் நகர்ந்ததற்குக் கோப்பு இருக்காது.

தைமஸ் பெட்டி: சீர். மனிதருக்கு நெஞ்செலும்பின் பின்னால் தைமஸ் என்று ஒரு சுரப்பி உண்டு. நோய்க்கிருமிகளைக் கொல்லும் டி செல்கள் அங்கேதான் பயிற்சி பெறுகின்றன. விண்வெளிக் கதிர்வீச்சில் அது கொழுப்பாகச் சுருங்கிவிடும், எங்களுக்குச் சுருங்கிவிட்டது. அதன் வேலையை இந்தப் பெட்டி செய்கிறது. வாரம் ஒருமுறை ஒவ்வொருவரின் மஜ்ஜையிலிருந்தும் இளம் செல்களை எடுத்து உள்ளே விடுவேன். தேறியவற்றை அவரவர் உடம்புக்குத் திருப்பி ஏற்றுவேன்.

தேர்வில் 3,912 கேள்விகள். ஒவ்வொரு கேள்வியும் அந்த ஆளின் சொந்த உடம்பிலுள்ள ஒரு புரதம். கண்ணுடையது, கணையத்துடையது, தோலுடையது, பல்லுடையது என்று வரிசையாகக் காட்டப்படும். செல் சும்மா இருந்தால் தேர்ச்சி. பாய்ந்தால் தோல்வி. மறுதேர்வு கிடையாது. தோற்ற செல் நின்ற இடத்திலேயே சாகும். பக்கத்துச் செல் பிணத்தைத் தின்றுவிடும்.

இந்த வாரத் தேர்ச்சி 2.8 சதவீதம். நல்ல எண்.

நாள் 189. காலை 11:05

தலைமையகத்திலிருந்து செய்தி. முழுதாக:

“பொருள்: காலாண்டுச் செயல்திறன் ஆய்வு, தைமஸ் அலகு, விளக்கம் கோருதல் தொடர்பாக. நீர்ச் சுத்திகரிப்பு அலகு 98 சதவீதமும் காய்கறித் தோட்ட அலகு 91 சதவீதமும் எட்டியுள்ள நிலையில், தைமஸ் அலகின் தேர்ச்சி விகிதம் 2.8 ஆக இருப்பது வருந்தத்தக்கது. காரணத்தையும், முன்னேற்றத்துக்கு எடுக்கப்படும் நடவடிக்கையையும் பதினைந்து தினங்களுக்குள் தெரிவிக்கவும்.”

நான் எழுதிய பதில் இரண்டு வரி. அது பள்ளிக்கூடம் அல்ல, சல்லடை. தேர்ச்சி கூடினால் ஆள் சாவான்.

பதில் குற்றாலலிங்கத்தின் மேலொப்பத்துக்குப் போனது. அங்கேயே நிற்கிறது.

நாள் 190. காலை 10:15

மருத்துவ அறையில் நடக்கும் பேச்சு தானாகவே இந்தக் குறிப்பில் சேரும். சேர்ந்தது கீழே. குற்றாலலிங்கம் இந்தப் பணிக்கு வருமுன் ஒரு கல்லூரியை நிர்வகித்தவர் என்பதைச் சேர்த்துப் படிக்கவும்.

“டாக்டரம்மா, நூத்துக்கு மூணு பேருகூட பாஸாகலன்னா தப்பு பையன்மேலயா, வாத்தியார்மேலயா?”

“சார், இதுல ஃபெயில் ஆகுறவன்தான் நம்மள கொல்றவன்.”

“எங்க காலேஜ்லயும் இப்படித்தான் பயங்காட்டுனாவ. நாப்பத்தொண்ணா இருந்தத தொண்ணூத்தொம்பது ஆக்குனேன். ஒருத்தனும் கொலகாரன் ஆவல. எல்லாவனும் இப்ப இன்ஜினியரு. உங்க கேள்வித்தாள வாசிச்சேன். பல்லு எனாமலு, மயிரோட வேரு, கழுத்துக்குள்ள பயறு மாதிரி நாலு சுரப்பி. காவலுக்குப் போறவன்ட்ட இதையா கேப்பாவ? பூராவும் சிலபஸுக்கு வெளிய.”

“அவன் ரோந்து போற வழியில அதெல்லாம் இருக்கு சார்.”

“இருந்துட்டுப் போகுது. நம்ம கழுத்துல அப்படி ஒரு சுரப்பி இருக்குன்னு எனக்கே இன்னைக்குத்தான் தெரியும். நான் அதை எதாவது பண்ணுனனா?”

அவர் விட்டுச்சென்ற தாளில் 1,100 கேள்விகள் மிச்சம். மற்றவற்றின்மேல் சிவப்புக் கோடு. அளவுகோல் வைத்து, நேராகப் போட்டிருக்கிறார்.

நாள் 191. காலை 09:30

கையெழுத்திட்டேன்.

இரண்டு வாரம்தான், அறிக்கை போனதும் பழைய கேள்வித்தாளையே வைத்துக்கொள்ளலாம் என்றார் குற்றாலலிங்கம். மறுத்திருந்தால் என் பணிக் குறிப்பேட்டில் ‘ஒத்துழைப்பு: குறைவு’ என்று எழுதியிருப்பார். இருபத்திரண்டு ஆண்டுகளாக அந்தக் கட்டத்தில் எனக்கு ‘மிக நன்று’. இதைக் காரணமென்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. வேறு காரணம் இல்லை.

நாள் 205. மாலை 17:20

தேர்ச்சி 61 சதவீதம். தலைமையகம் பாராட்டியது. குற்றாலலிங்கம் பாராட்டை அச்சிட்டு உணவறையில் ஒட்டினார்.

பழைய கேள்வித்தாளை மீண்டும் ஏற்றிவிட்டேன். பெட்டி 2.8க்குத் திரும்பியது. ஆனால் இரண்டு வாரத்தில் தேறி வெளியே போனவை போனவைதான். அவை பல ஆண்டுகள் வாழும், கண்டதை மறக்காது, பெருகும். அவற்றை அதட்டி உட்காரவைக்கும் செல்களும் இதே பெட்டியில்தான் தயாராகின்றன. கேட்காமல் விட்ட கேள்விகளுக்கு அவையும் தயாராகவில்லை. கொடுத்த பட்டத்தைத் திரும்ப வாங்க மருத்துவத்தில் எளிய வழி இல்லை.

பூமியில் மிகச் சில குழந்தைகள் இந்தக் கேள்வித்தாளை எழுதும் மரபணு பழுதாகிப் பிறக்கிறார்கள். அவர்களுடைய காவற்படை ஒவ்வொரு சுரப்பியாக எரிக்கும். அது பிறவிக் கோளாறு. எங்களுடையது அலுவலக நடவடிக்கை.

நாள் 229. காலை 08:10

பொன்னுரங்கத்தின் முதுகில் உள்ளங்கை அளவு வெள்ளைத் திட்டு. ஒரு புருவம் முழுதாக உதிர்ந்துவிட்டது.

“டாக்டரம்மா, ஒரு சைடு பூட்சு. இன்னொண்ண நீயே வழிச்சிடு, மேட்சிங்கா இருக்கும். தலிவரு மாதிரி கண்ணு பிதுங்காம இருந்தா சரி.”

தலைவர் என்று அவர் சொன்னது குற்றாலலிங்கத்தை. அவருடைய தைராய்டு சுரப்பியைப் புதிதாகத் தேறியவர்கள் எதிரி என்று பிடித்து உலுக்கிக்கொண்டிருக்கிறார்கள். நான்கு வேளை சாப்பிட்டு ஒன்பது கிலோ இளைத்திருக்கிறார். கை நடுங்குகிறது. தூங்குவதில்லை. வேலைத்திறன் கூடிவிட்டதாக எனக்கு எழுத்துமூலம் தெரிவித்திருக்கிறார்.

மெஹருன்னிசாவுக்கு விரல்களில் எறும்பு ஊர்கிறதாம். எனக்கு இடது இமை பாதியில் நிற்கிறது.

ரத்தப் பரிசோதனை முடிந்தது. தாக்கப்படும் புரதங்களின் பட்டியலைச் சிவப்புக் கோடு போட்ட தாளோடு ஒப்பிட்டேன். கேட்காமல் விட்ட கேள்விகளுக்கெல்லாம் விடை வந்துகொண்டிருக்கிறது.

நாள் 236. பிற்பகல் 15:30

மெஹருன்னிசா இறந்துவிட்டார்.

கழுத்திலுள்ள அந்தப் பயறளவு சுரப்பிகள் நான்கும் தின்னப்பட்டன. அவை இல்லாவிட்டால் ரத்தத்தில் கால்சியம் நிற்காது. கால்சியம் இல்லாவிட்டால் தசைகள் முறுக்கிக்கொண்டு விடமறுக்கும். இருந்த கால்சியம் முழுவதையும் ஏற்றியிருந்தேன். படுத்திருக்கச் சொன்னேன். குழாய் ஒழுகுகிறது, யார் போய்ப் பார்ப்பது என்று கேட்டுவிட்டுப் பட்டறைக்குப் போனார்.

உள்தொடர்புப் பதிவு, 14:20:

“அக்கா, கை இறுகிட்டுக்கா. கட்டரு ஓடிட்டிருக்கு.”

“சுவிட்ச விடு மெஹர்!”

“விடுன்னுதான் சொல்றேன். கை கேக்க மாட்டேங்குது. அக்கா, அது ஏங் கையே இல்லக்கா. யாரோ புடிச்சிருக்காங்க...”

நான் போய்ச் சேர்வதற்குள் அறுப்பு எந்திரம் மற்றக் கையை மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை நீளவாக்கில் பிளந்திருந்தது. இடுப்புவார் கொண்டு கட்டினேன். ரத்தம் நின்றது. அப்போது குரல்வளை மூடிக்கொண்டது. அதுவும் தசைதானே. கழுத்தில் கத்தியை இறக்கிக் குழாய் செருக முயன்றேன். என் இமைகள் இரண்டும் விழுந்துவிட்டன. ஒரு கையால் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறுகையால் அறுத்தேன். நேராக வரவில்லை. 14:41.

உடலை வெளிக்கதவு வழியாக அனுப்பினோம். குற்றாலலிங்கம் ஒரு நிமிடம் மௌனம் அனுசரிக்கச் சொல்லி, நாற்பது நொடியில் தானே பேச ஆரம்பித்தார்.

நாள் 240. காலை 07:15

வழி ஒன்று உண்டு. உடம்பிலுள்ள டி செல் அத்தனையையும் கொன்று துடைக்கும் மருந்து. துடைத்த ஆளைக் கிருமி நுழையாத கண்ணாடி அறையில் அடைத்து, முழுக் கேள்வித்தாளோடு பெட்டியை ஓட்டினால், பதினெட்டு நாளில் புதிய செல்கள் தயார்.

மருந்து நான்கு குப்பி இருக்கவேண்டும். ஒன்று இருக்கிறது. கிளம்புமுன் எடையைக் குறைக்கவேண்டி வந்தபோது மூன்று குப்பிகளை, அவற்றின் குளிர்பெட்டியோடு, இறக்கிவிட்டிருக்கிறார்கள். அந்த எடையில் ஏறியது தொடக்கவிழாக் கல்வெட்டு. பளபளப்பான கருங்கல், பதினொரு கிலோ. கண்ணாடி அறைக்கு மேலே, ஏணித்தட்டில் பதித்திருக்கிறது. பதினேழு பெயர்கள். பதினேழாவது குற்றாலலிங்கம்.

குப்பி பொன்னுரங்கத்துக்கு. இதில் யோசிக்க ஒன்றுமில்லை. 300ஆம் நாள் கலத்தை வேகம் குறைத்து டைட்டனில் நிறுத்த அவர் ஒருவருக்குத்தான் தெரியும். நிறுத்தாவிட்டால் தாண்டிப் போய்க்கொண்டே இருப்போம். ஒருவரையாவது உயிரோடு இறக்கவேண்டும். இனி என் வேலை அவ்வளவுதான்.

நாள் 242. மாலை 18:00

இடது கையால் எழுதுகிறேன். பதிவு:

“டாக்டரம்மா, முடிவ கொள்கையளவுல ஏத்துக்கிடுதேன். ஆனா சீனியாரிட்டின்னு ஒண்ணு இருக்குல்லா?”

“சார், அவரு இல்லன்னா கப்பல் நிக்காது. மருந்து உங்களுக்குன்னா நீங்க நல்ல ஆரோக்கியமா சனிக்கிரகத்தத் தாண்டிப் போவீங்க.”

“போனா போறேன்! ஆரோக்கியமாப் போறேன்லா! குப்பிய எடுட்டி!”

அதன்பின் பதிவில் சொற்கள் இல்லை. தீயணைப்பு உருளையால் அடித்தார். முதல் அடி தாடையில். மூன்று பற்கள் தரையில் கிடந்தன. இரண்டாவது அடியைக் கையால் தடுத்தேன். வலது கையில் மூன்று விரல்கள் பின்பக்கம் மடங்கின. எலும்பு வெளியே வந்தது. மயக்க ஊசியை அவர் தொடையில் குத்தினேன். அரை நிமிடத்தில் விழுந்தார். விழுந்தவரை உதைத்தேன். இது மருத்துவக் குறிப்பு அல்ல, இருந்தாலும் எழுதிவைக்கிறேன்.

பூட்டுப் போட்ட அறை இந்தக் கலத்தில் மருந்தறை ஒன்றுதான். அவரை இழுத்துப்போட எனக்கு வலு இல்லை. விழுந்த இடத்திலேயே கட்டிவைத்தேன்.

நாள் 243. காலை 06:20

பொன்னுரங்கத்துக்கு மருந்து ஏறிவிட்டது. கண்ணாடி அறை மூடியாயிற்று. இப்போது அவர் உடம்பில் காவலுக்கு ஒருவரும் இல்லை. ஒரு தும்மல் போதும்.

“உள்ள ஜெயிலு மாறி கீதும்மா. ஆனா வெளிய பாத்தா இதான் பெட்டரு.”

நாள் 247. பகல் 12:50

குற்றாலலிங்கம் கட்டை அவிழ்த்துவிட்டார். இரும்புத் தடியோடு கண்ணாடி அறைக்கு வந்தார். பொன்னுரங்கத்துக்காகத் தயாராகும் செல்களைத் தனக்கு ஏற்றவேண்டும் என்றார். வேறொருவர் உடம்பைப் பார்த்துப் படித்தவை உங்களை இரண்டே நாளில் தின்றுவிடும் என்றேன். என் தாடை கட்டியிருந்ததால் அவருக்கு விளங்கியதா தெரியவில்லை. காற்றுக் குழாயை அடிக்க ஆரம்பித்தார்.

“யோவ் தலிவரே! வாணாம்யா! பைப்பு பூட்சுன்னா நான் செத்தேன், நான் செத்தா நீயும் பேஜார்தான்யா! டாக்டரம்மா, இன்னாமா பாத்துக்கினு நிக்கிற?”

எனக்குத் தோளுக்கு மேல் கை எழவில்லை. என் தசையும் நரம்பும் சேருமிடத்தைப் படை பிடித்துவிட்டது. ஏணியில் நான்கு கால்களால் ஏறினேன். கல்வெட்டின் நான்கு திருகாணிகளையும் கழற்றினேன். கல்லை விளிம்புவரை நெற்றியால் தள்ளினேன். மிச்சத்தை வளையத்தின் சுழற்சி பார்த்துக்கொண்டது.

தோளில் விழுந்தது. காறை எலும்பு முறியும் சத்தம் மேலே கேட்டது. அவர் உட்கார்ந்து, என்னை நிமிர்ந்து பார்த்து, “மெமோ தாரேன்” என்றார். உண்மையாகவே சொன்னார். இறங்கி வந்தேன். கல்லைத் தூக்க முடியவில்லை. ஒரு விளிம்பைத் தரையில் ஊன்றி நிமிர்த்தி, தலைமேல் சாய்த்தேன். மறுபடி நிமிர்த்திச் சாய்த்தேன். இரண்டாவதிலேயே மண்டை திறந்துவிட்டது. மூன்றாவது தேவையில்லாதது. மருத்துவராகச் சொல்கிறேன்.

குழாயில் ஒரு நெளிவு. விரிசல் இல்லை.

பொன்னுரங்கம் கண்ணாடிக்கு அப்பாலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

நாள் 261. காலை 10:00

பெட்டி முடித்துவிட்டது. 3,912 கேள்விகள், ஒன்றுகூட விடாமல். தேர்ச்சி 2.6. செல்களைக் குழாய் வழியே அவருக்கு ஏற்றினேன். அவை பெருகிப் படையாக ஆறு வாரம் ஆகும். ஓட்டுநர் அறைக்கு அவர் 297ஆம் நாள் போகவேண்டும். அதற்குள் பாதிப் படைதான் இருக்கும். சுத்தமான காற்றில் நடந்தால் பிழைப்பார்.

காற்று சுத்தமாக இல்லை. தைமஸ் பழுதானவர்களின் உடம்பு பூஞ்சையைத் தடுக்கும் பொருளையும் சேர்த்து எரித்துவிடும். என் வாய் முழுக்க வெள்ளை. நுரையீரலில் பூசணம். இருமும்போது பச்சையாக வருகிறது. நடைவழிக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 910 பூஞ்சை விதை. 50க்குக் கீழே வரவேண்டும். வடிகட்டிகளால் முடியும், இருபது நாளில். புதிதாக யாரும் இருமாமல் இருந்தால்.

குற்றாலலிங்கத்தை நான்கு நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப்போய் வெளியே அனுப்பினேன். அன்று வெளிக்கதவின் நெம்புகோல் அசைந்தது. இன்று அசையுமா என்று பார்க்கவில்லை.

நாள் 272. நேரம் தெரியவில்லை

இமைகளைப் பிளாஸ்திரி போட்டு நெற்றியோடு ஒட்டியிருக்கிறேன். கண் உலர்கிறது. ஒரு விரல் வேலை செய்கிறது. விழுங்க முடியவில்லை. தண்ணீர் மூக்கில் வருகிறது.

கணக்கு எளிது. உயிரோடு இருந்தால் இருமுவேன். இங்கேயே செத்தால் பூசணம் பிடிப்பேன். அதிகம் இருமுவது பிணம்தான்.

உள்ளே ஒவ்வொன்றாக அடங்குகிறது. அந்தப் படையினர்மேல் எனக்குக் கோபம் இல்லை. கேட்டதற்கெல்லாம் சரியான பதில் சொல்லித்தான் தேறினார்கள். கேட்காதது

கேட்காதது நான்

நாள் 274. மாலை 16:31
உள்தொடர்புப் பதிவு, நடைவழிக் கடைசியிலுள்ள வெளிக்கதவு அறையிலிருந்து கண்ணாடி அறைக்கு. தானாகச் சேர்ந்தது.

“டாக்டரம்மா? இன்னா அங்க போய் ஒக்காந்துக்கினு கீற?”

“நெம்புகோல்... அசையல. உங்க பலகையில... செவப்பு சுவிட்ச். வெளிக்கதவு.”

“வெளையாடாத. உள்ள வா. இன்னா பேசுறன்னே புரியல.”

“புரியுது உங்களுக்கு.”

“நான் அமுக்க மாட்டேன். எவன் அமுக்குவான்? நீ இங்க வாம்மா, கதவத் தொறக்கிறேன். ரெண்டு பேருமா போய் சேரலாம், வுடு.”

“அதுக்கா... அந்த ஆள கொன்னேன்?”

(இருமல். நாற்பது நொடி.)

“இருபத்தி மூணு நாள் இருக்கு. காத்துக்கு இருபது. மூணு நாள்... உங்களுக்கு லாபம்.”

“எங்காத்தாகூட எங்கிட்ட இப்டி கணக்கு பேசுனதில்லம்மா.”

“பொன்னுரங்கம்.”

“வலிக்குமா?”

“பதினஞ்சு செகண்டு. எனக்கு கண்ணு மூடாது. நீங்க... அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க.”

(இருமல்.)

“அம்மா. அம்மா, பிளாஸ்திரிய எடுத்துடு. கண்ணு காஞ்சிரும்.”

நாள் 274. மாலை 17:40

பொன்னுரங்கம் எழுதுறேன். எனக்கு இந்த மாதிரி எழுத வராது.

16:52க்கு அமுக்கினேன். திரும்பிக்கல. கண்ணாடி வழியா பாத்துக்கினேதான் அமுக்கினேன்.

இருமல் சத்தம் நின்னுபோச்சு. காத்துல பூஞ்சை அளவு 16:52க்கு 940. இப்ப 931.